பின்பலகையில் இரண்டு பேர்

பிப்ரவரி 9

மாப்பிள்ளையின், அதாவது தங்கை புருஷனின், வேனில் படகு மோட்டார் கடைக்குப் போனேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் வலது கால் வழியெல்லாம் பிரேக்கைத் தேடிக்கொண்டே வருகிறது. "மச்சான், அங்கயே மிதிச்சு மிதிச்சு தகரம் ஓட்டையாயிடப் போகுது" என்று மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய கால். அதற்கு யார் போய் ஓய்வு ஆர்டர் கொடுப்பது?

கடைக்காரரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு ஸ்குருவை எடுத்து மேஜைமேல் வைப்பதற்குள் நாம் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். படகின் போட்டோவைப் போனில் காட்டினோம். நான் எடுத்த எடுப்பில் இருபத்தைந்து ஹெச்.பி. கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"பதினாலு அடி ஃபைபர் படகு. பதினஞ்சுக்கு மேல கூடாதுன்னு தகட்டுலயே போட்டிருக்கு. நீங்க கேக்குறதை மாட்டினா மோட்டார் போகும், படகு கூடவே போகுமான்னு தெரியாது."

மாப்பிள்ளை ஆறு போதும் என்றார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவருக்கு வேகத்தைப் பற்றி என்ன தெரியும். முடிவு எதுவும் எடுக்காமல் திரும்பினோம்.

பிப்ரவரி 10

வேலை ஒன்றுமில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். "ஷிஃப்ட் முடிஞ்சுதா, இன்னும் ரெண்டு ட்ரிப் இருக்கா?" என்கிறாள் மனைவி.

சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். படகு ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் மீன் பதப்படுத்துகிற கம்பெனி இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து வேலைக்குப் போகிற பெண்கள் பாலத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகிறார்கள். படகு என்றால் பத்து நிமிஷம். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆள் ஏற்றி ஓட்டிக் காட்டுங்கள், கழி வற்றிக் கடலுக்கு ஓடுகிற வற்றுத் தண்ணீர் இழுக்கும்போதும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் வேலை உங்களுக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். படகை நானும் மாப்பிள்ளையும் பாதிப்பாதி போட்டு வாங்கியாயிற்று. மோட்டார்தான் பாக்கி.

ஓட்டப்போவது நான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஓட்டுவது என்றால் நான்தானே.

ராத்திரி கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது மனைவி என் முகத்தையே பார்த்தாள். "அவங்க கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்றாள். அடுத்த கண்ணைக் காட்டினேன். பார்வையில் இடது ஓரம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும், டிப்போ என்னை வண்டியிலிருந்து இறக்கியதும் அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். மற்றவர்களுக்கு விருப்ப ஓய்வு, முதுகு வலி. முதுகும் வலிக்கத்தான் செய்கிறது, முழுப் பொய் இல்லை.

பிப்ரவரி 14

மாப்பிள்ளை தன் நண்பரிடமிருந்து ஒரு எட்டு ஹெச்.பி. மோட்டார் இரவல் வாங்கி வந்தார். மாட்டினோம். கரையோரம் தண்ணீர் சும்மா இருந்தவரை ஓடியது. கொஞ்சம் அலை வந்ததும் ஒரே அலறல். மோட்டார் கத்துகிறது, படகு நின்ற இடத்தில் நிற்கிறது. கிளட்ச் தேய்ந்துபோன பஸ்ஸை மேட்டில் ஏற்றுகிற மாதிரி.

"ஆக்சிலேட்டரைக் குறைங்க" என்றேன். "நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் அவர். இரண்டு பேரும் மோட்டாரை ஆளுக்கு ஒரு பக்கம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் துடுப்பு போட்டுத்தான் கரைக்கு வந்தோம்.

பிப்ரவரி 15

மோட்டார் மாட்டுகிற பின்பலகையை இன்றுதான் டேப் வைத்து அளந்தோம். உயரப் பலகை. இரவல் மோட்டாரோ குட்டைக் கால், தண்ணீருக்குள் இறங்குகிற தண்டின் நீளம் போதவில்லை. அலை எழும்பினால் புரொப்பல்லர் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைக் கடைகிறது. முதலில் அளந்துவிட்டு அப்புறம் இரவல் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் டேப் இருக்கிறது.

பிப்ரவரி 21

அவசரம் நீளக் கால் வைத்த பதினைந்து ஹெச்.பி. மோட்டாரைச் சோதனைக்குக் கொடுத்தார். நான்தான் அடம்பிடித்து வாங்கினேன்.

கைப்பிடியைத் திருகியதும் படகின் மூக்கு வானத்துக்கு எழும்பிவிட்டது. முன்னால் தண்ணீரே தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பின்னால் பலகையைத் தாண்டி ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் செருப்பு மிதந்து என்னிடம் வந்தது.

"பாத்தீங்களா, வெயிட்டு தாங்கல. நான்தான் ஆறுன்னு சொன்னேனே!"

"நீங்க மோட்டாரைச் சொல்றீங்களா, உங்களையா?"

அவர் ஆள் கனம்தான். சொல்லியிருக்கக் கூடாது. வேனில் திரும்பும்போது ரேடியோ மட்டும்தான் பேசியது.

பிப்ரவரி 22

கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மொட்டை மாடி, வாசல், மொட்டை மாடி.

பிப்ரவரி 28

பத்து ஹெச்.பி. நீளக் கால். கனமும் குறைவு. இதுவாவது சரியாக வரும் என்று நம்பி இறங்கினோம். தங்கை சாப்பாடு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்திருந்தாள்.

அதே கதைதான். மூக்கு மேலே, பின்பக்கம் தண்ணீருக்குள். முகத்துவாரத்தில் வற்றுத் தண்ணீர் இழுக்கும் இடத்தில் படகு எறும்பு மாதிரி ஊர்ந்தது. படகே சரியில்லை, படகை விற்றவன் நம் தலையில் கட்டிவிட்டான் என்று நானும் மாப்பிள்ளையும் முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். கரைக்கு வந்து அவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்தோம்.

தங்கை கேட்டாள்: "ஏண்ணே, ரெண்டு பேரும் ஏன் பின்னாடியே உக்காந்திருக்கீங்க?"

"மோட்டார் அங்கதானே இருக்கு" என்றேன்.

"அதைப் பிடிக்க ஒரு ஆள் போதாதா? உங்களை மாதிரி ரெண்டு பேர் ஒரே ஓரத்துல உக்காந்தா எங்க வீட்டுக் கட்டிலே கவுந்துடும்."

மாப்பிள்ளை சாப்பாட்டைப் பார்த்தார். நான் படகைப் பார்த்தேன். மூன்று மோட்டார், மூன்று வாரம், டீசல் போட்டு வேனில் இத்தனை அலைச்சல். ஒரு தடவைகூட எங்களில் ஒருவரும் முன்னால் போய் உட்காரவில்லை. அவர் கைப்பிடியை விட்டால் நான் பிடித்துக்கொள்வேன் என்று அவருக்குப் பயம். நான் எழுந்து போனால் அது அவருடையதாகிவிடும் என்று எனக்கு. படகு என்ன செய்யும், பாவம்.

மார்ச் 1

யார் முன்னால் போவது? கனமான ஆள்தான் போக வேண்டும், அப்போதுதான் மூக்கு இறங்கும் என்று நான் நியாயம் பேசினேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

திருகினேன். மூக்கு ஒரு தரம் எழும்பி, அப்படியே படிந்தது. படகு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போனது. அதே மோட்டார்! கையில் அந்த அதிர்வு வந்தது. சந்தோஷம். வேறு எப்படி எழுதுவது? எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் ஒன்றை ஓட்டினேன்.

மார்ச் 4

இன்று எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மேகமூட்டம். மாப்பிள்ளை முன்னால், நான் பின்னால். நல்ல வேகம். திடீரென்று அவர் "மச்சான், இடது! இடது!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் ஆபத்து என்கிறாரா, இடது பக்கம் திருப்பு என்கிறாரா? கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு ஆள், தனி ஆள், சின்னத் துடுப்புப் படகில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை பாய்ந்து துடுப்பை நீட்டி அந்தப் படகைத் தள்ளினார். துடுப்பு முறிந்தது. ஒரு முழம் இடைவெளியில் தாண்டினோம்.

அந்த ஆள் வலையைப் போட்டுவிட்டு எங்களைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறது தெரியல?"

"வெயில்ல கண்ணு கூசிடுச்சு" என்றேன்.

கரைக்கு வந்து கயிறு கட்டும்போது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு வெயிலே இல்லையே மச்சான்."

மார்ச் 5

மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னால் என்ன மிச்சம்? பாதிப் படகு மிச்சம். நான் யார் அதில்? சாமான் மாதிரி ஏறி இறங்குகிற ஆளா? பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், இதிலிருந்தும் இறங்கணுமா? எத்தனை தடவைதான் இறங்குறது ஒரு மனுஷன்?

மார்ச் 7

பட்டறைக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு கேட்டை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். முகமூடியைத் தூக்கியதும் சொல்லிவிட்டேன். "எனக்கு இடப்பக்கம் கிடையாது மாப்ள. மூக்குக்கு நேரா வந்தாத்தான் தெரியும். முதுகு வலியெல்லாம் சும்மா."

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது தெரிஞ்சேதான் என்னை முன்னாடி உக்கார வச்சீங்களா?"

"வெயிட்டுக்காக—"

"சனிக்கிழமை நானும் ஏர்றேன்னு உங்க தங்கச்சி சொன்னாளே. அவளையும் ஏத்தியிருப்பீங்களா?"

ஏற்றியிருப்பேன். அதுதான் உண்மை. அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 8

யாரும் வரவில்லை.

மார்ச் 9

போனும் இல்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்த எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விட்டேன். இனி எந்தக் கதவும் சத்தம் போடாது, யார் வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

மார்ச் 11

மாப்பிள்ளை வந்தார். உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். கோபம் இன்னும் அடங்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"நேத்து நான் மட்டும் எடுத்துப் பாத்தேன். மூக்கு மறுபடி தூக்குது. முன்னாடி ஆள் வேணும்."

"மணல் மூட்டை வச்சுக்கலாமே" என்றேன். எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா?

"வச்சேன். மூட்டை கயிறு கட்டாது. கத்தாது. வர்றீங்களா, இல்லையா?"

மனைவி உள்ளேயிருந்து என் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். போனேன். முன் பலகையில் உட்கார்ந்தேன். கால் வைக்க இடம் தெரியவில்லை, கைக்கு வேலை இல்லை. அக்கரை வந்து சேரும்வரை தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். ஆனால் படகு நேராகப் போனது.

மார்ச் 18

பத்து ஹெச்.பி.யையே வாங்கியாயிற்று. முழு ஆள் கனத்தோடு ஓட்டிப் பார்த்தோம். பட்டறை ஆட்களும் அவர்கள் நண்பர்களுமாக ஆறு பேர். தங்கை கரையில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது சரியாக இருந்தது. திரும்பும்போது வற்றுத் தண்ணீர் எதிரே இழுத்தது. படகு திணறியது. மாப்பிள்ளை முழுசாகத் திருகியும் மோட்டார் எழும்ப மாட்டேன் என்றது.

"பத்து பத்தாது மச்சான். நீங்க சொன்ன பதினஞ்சே வாங்கியிருக்கணும்" என்று பின்னாலிருந்து கத்தினார். வேறு நாளாக இருந்தால் அந்த வாக்கியத்துக்கு நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

ஆனால் முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்: ஆள் நிறைந்த பஸ், மேடு, டாப் கியர். எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அகலக்கால் வைக்கச் சொல்கிறோம். கியரைக் குறைத்தால் தானாக ஏறும்.

கடைக்குப் போய் அவசரத்திடம் இதையே சொன்னேன். "படகுக்குக் கியரைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு புரொப்பல்லரை எடுத்து வந்தார். கொஞ்சம் சீக்கிரமாகவே எடுத்து வந்தார் என்று சொல்ல வேண்டும். பழையதைவிட இதன் இலைகளுக்கு முறுக்கு குறைவு. ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம்தான் தள்ளும், அதனால் மோட்டாருக்கு மூச்சு வாங்காது. வேகம் கொஞ்சம் குறையும், பாரம் இழுக்கும்.

மாலையில் மறுபடி அதே ஆறு பேர். படகு மேடேறியது. மாப்பிள்ளை பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பட்டறையில் நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் செய்த முதல் காரியம்.

மார்ச் 25

துறைமுக அலுவலகம். மாப்பிள்ளையும், அவரிடம் ஓட்டப் பழகிய தங்கையும் ஓட்ட அனுமதி வாங்கினார்கள். தங்கை கேட்டதுதான் காரணம்: "இவர் படுத்துட்டா யாரு ஓட்டுவா?" அந்தக் கேள்விக்கு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தது கருணைதான், ஆனாலும் எரிந்தது.

"நீங்க, பெரியவரே?" என்றார் அதிகாரி.

"நான் சும்மா துணைக்கு வந்தேன்" என்றேன்.

ஏப்ரல் 1

மேனேஜரே ஏறினார். வற்றுத் தண்ணீர் இழுக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருக்கிறார், கெட்டிக்காரர். சட்டை நனையவில்லை, நேரத்துக்குச் சேர்ந்தோம். வேலை எங்களுக்கு. தங்கை கரையிலேயே அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால், கண்ணில் தூசி என்கிறாள்.

ஏப்ரல் 19

காலை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இடையில் காலிப் படகைத் தங்கை கொண்டுபோய்க் கொண்டு வருகிறாள். எங்கள் இருவரையும்விட அழகாகக் கரை சேர்க்கிறாள். இதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

நான் ஆட்களை ஏற்றுகிறேன். இரண்டு பக்கமும் சமமாக உட்கார வைக்கிறேன். கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வருகிறேன், கழுத்து வலிக்கிறது. என்ன இவர் கோழி மாதிரி பார்க்கிறார் என்று பெண்கள் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு இன்னும் நான் முதுகு வலி டிரைவர்தான். அது அப்படியே இருக்கட்டும். ஓட்டுகிற ஆசை போகவில்லை. மாப்பிள்ளை மோட்டாரைத் திருகும்போதெல்லாம் என் கை மூடித் திறக்கிறது.

மே 6

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் தங்கை போன் செய்தாள். அவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் நேரமாகும், ஆட்களை ஏற்றி வையுங்கள் என்றாள்.

ஏற்றி வைத்தேன். காத்திருந்தோம். பெண்கள் நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். தாமதமானால் அங்கே கேட்டை மூடிவிடுவார்கள். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கிய பெண்தான் ஆரம்பித்தாள்: "ஏண்ணே, நீங்களே எடுங்களேன். பஸ்ஸே ஓட்டினவரு, இந்தத் தொட்டியை ஓட்ட மாட்டீங்களா?" எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எடுங்கண்ணே, எடுங்கண்ணே.

எழுந்து பின்பக்கம் போனேன். ஆமாம், போனேன். உட்கார்ந்தேன். கயிற்றை இழுத்தேன், ஒரே இழுப்பில் மோட்டார் எழுந்தது. கைப்பிடி கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காலைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. யாரும் கேட்கப்போவதில்லை. பத்து நிமிஷம்தான். இடது பக்கம் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

மோட்டாரை அணைத்தேன். அது அடங்கியதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியாதும்மா. அதனாலதான் பஸ்ஸுல இருந்து இறக்குனாங்க. முதுகு வலின்னு சொன்னது பொய்."

ரேடியோதான் முதலில் சொன்னாள்: "அடப்பாவமே! போன வாரம் கடைத்தெருவுல நான் அந்தப் பக்கமா நின்னு கையைக் கையை ஆட்டுறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்க. இந்த ஆளுக்கு என்ன திமிருன்னு வீட்டுல போய்த் திட்டினேனே!"

படகே குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே வலப்பக்கமா வந்து திட்டு" என்றேன். ஒருத்தி போனை எடுத்துக் கம்பெனிக்குச் சொன்னாள்: வர்றோம், கொஞ்சம் லேட்டாகும், கேட்டை மூடிடாதீங்க.

தங்கை மூச்சு இரைக்க ஓடி வந்து ஏறினாள். நான் பின்பலகைப் பக்கம் நிற்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். அவள் கனத்தில் மாப்பிள்ளையில் பாதிகூட இல்லை. இத்தனை ஆளோடு அவள் பின்னால் உட்கார்ந்தால் பின்பக்கம் எழும்பி, மூக்கு தண்ணீரைக் குத்தும். மோட்டார் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதற்கு அடியில் ஒரு இரும்பு முளை இருக்கிறது. அதைப் பிடுங்கி, ஒரு துளை வெளியே தள்ளிப் போட்டேன். இனி மூக்கு குத்தாது.

கைப்பிடியை அவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.